டென்மார்க் கை, ஜப்பான் கை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் கலாராணி அப்புத்தளைக்கு மேலே, மலைவிளிம்பில் இருக்கும் அந்தப் பழைய துரை பங்களாவுக்குப் போய்விட்டாள். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் சின்னச் சின்ன ஸ்குறூ டிரைவர்கள், ஊசியின் பாரத்தை நிறுக்கும் விரலளவுத் தராசு, கோணம் பார்க்கும் கண்ணாடித் தகடு. பதுளை பஜாரில் ஸனூஸ் நானாவின் ரேடியோக் கடையில் அவள் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். கோயில் திருவிழா ஒலிபெருக்கி முதல் கல்யாண மண்டபத்து ஆம்பிளிபயர் வரை எல்லாம் அவள் கையில் திறக்கப்பட்டு மூடப்பட்டவைதான். கொஞ்ச காலமாக எல்ல, பண்டாரவளைப் பக்கத்து ஹோட்டல்காரர்கள் வெளிநாட்டுக்காரர்களுக்காக ரெக்கோட் பிளேயர் வாங்கி வைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஊசியை ஒழுங்காக உட்கார வைக்க ஊவா மாகாணத்தில் அவளைவிட்டால் ஆள் இல்லை.

பங்களாவை வாங்கி ஹோட்டல் ஆக்கியிருந்தவர் சிவநேசன். கொழும்புக்காரர், அறுபது வயது இருக்கும். அவரிடம் இருந்த ரெக்கோட் பிளேயர் சாதாரணமானதல்ல. ஒரே இசைத்தட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு டோன் ஆர்ம் பூட்டலாம். ஊசியைத் தாங்கிக்கொண்டு தட்டின் மேல் போகிற கைதான் டோன் ஆர்ம். கொழும்பு ஏஜென்ட் ஒருவர் இரண்டு கைகளைப் பரீட்சைக்குக் கொடுத்திருந்தார். ஒன்று டென்மார்க்கில் செய்தது, குட்டையானது, ஒற்றை முனையின் மேல் ஆடாமல் நிற்கும். மற்றது ஜப்பானில் செய்தது, ஒரு சாண் நீளத்துக்கும் மேல். இரண்டிலும் ஒரே மாதிரியான ஊசியைப் பூட்டி, ஒரே தட்டைப் போட்டு, எது நல்லது என்று பார்க்க வேண்டும். நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம்.

தீர்ப்புச் சொல்ல ரொஷான் என்று ஒருவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். இந்த மாதிரிச் சாமான்களைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர். சிவநேசனோடு இங்கிலீஷிலும் கலாராணியோடு சிங்களத்திலும் பேசினார். இரண்டும் அவளுக்கு விளங்கும்.

பூட்டி முடிக்கப் பத்தரை ஆகிவிட்டது. பிறகு மண்டபத்தில் இரண்டு சாய்வு நாற்காலிகளில் அவர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். கலாராணி பிளேயருக்குப் பக்கத்தில் நின்றாள். ரொஷான் கண்ணை மூடிக்கொள்வார். அவள் ஏதாவது ஒரு கையை இறக்க வேண்டும். எந்தக் கை என்று சொல்லக்கூடாது. கேட்டுவிட்டு அவர் கொப்பியில் குறித்துக்கொள்வார்.

பியானோ போட்டார்கள். வயலின் போட்டார்கள். ஒரு பெண் இங்கிலீஷில் முணுமுணுத்துப் பாடுகிற தட்டு போட்டார்கள். ஒன்றரை மணி நேரம் போயும் ரொஷானுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. முதலில் ‘இதமாக இருக்கிறது’ என்று சொன்ன கையையே அடுத்த தடவை ‘இறுக்கமாக இருக்கிறது’ என்றார். கலாராணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“ஐயா, ஒண்ணு சொல்லலாமா?” என்று சிவநேசனிடம் கேட்டாள்.

“சொல்லுங்கோ தங்கச்சி.”

“எல்லாத் தட்டுலயும் மொதப் பாட்டையே போடுறீங்க. வெளிப்பக்கத்துல எந்தக் கையும் நல்லாத்தான் ஓடும். கடைசிப் பாட்டப் போடுங்க. நடுவுக்குக் கிட்டப் போகப் போக வட்டம் சின்னதாயிரும். அங்கதான் ஊசி கோணும், கொரல் பிசிறும். கையோட லச்சணம் அங்கதான் தெரியும்.”

சிவநேசன் அதை இங்கிலீஷில் சொல்லக் கேட்டு ரொஷான் தலையை ஆட்டினார். அது தன் யோசனைதான் என்பது போலக் கொப்பியில் எழுதிக்கொண்டார். சிவநேசன் எழுந்து போய் அலுமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்தார்.

“இதில கடைசிப் பாட்டு தனிக் குரல். வாத்தியமே இல்லை. ஆம்ஸ்டர்டாமில ஏலத்தில எடுத்தது. இலங்கையில இன்னொரு பிரதி இருக்குமோ தெரியாது.”

உறையில் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த ஒரு பெண்ணின் படம். பின்பக்கம் இங்கிலீஷில் பாட்டுகளின் பட்டியல். கடைசிப் பாட்டுக்கு நேரே, ‘ஒப்பாரி. பாடியவர்: பெயர் தெரியாத தோட்டப் பெண், ஊவா, 1974’ என்று போட்டிருந்தது.

கலாராணி டென்மார்க் கையைக் கடைசிப் பாட்டுக்கு முன்னால் இருக்கும் இடைவெளியில் இறக்கினாள். கொஞ்ச நேரம் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு பெண் குரல் எழுந்தது. ஒப்பாரி என்று தெரிந்தது. வார்த்தைகள் சேற்றில் மிதித்த மாதிரி குழம்பிக் கிடந்தன. ஒவ்வொரு நாலடியின் கடைசியிலும் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல்.

பாட்டு முடிந்ததும் ஜப்பான் கையை இறக்கினாள். இந்தத் தடவை கரகரப்பு இல்லை. பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளியிருந்து ஒரு ஆண் குரல் பேசியது. மெதுவான குரல், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

“அழாம பாடும்மா. அழுதா மிசின்ல ஒண்ணும் வெளங்காதாம். தொர இன்னொருக்கா மொதல்லேருந்து பாடச் சொல்றாரு.”

அதன் பிறகு அந்தப் பெண் பாடினாள்.

‘பாணு வாங்க வரிசையில
பகலெல்லாம் நின்னேனே
பாணோட நான் வரையில
படுத்துட்டியே சின்னராசா

பால் மறந்த வாயிக்குப்
பச்சத்தண்ணி ஊட்டினேனே
பத்தலன்னு சொல்லாமப்
பறந்துட்டியே சின்னராசா’

கலாராணி தட்டின் மேல் குனிந்தாள். அவள் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்பு, தோட்டங்களில் பாண் என்கிற ரொட்டிக்கும் மாவுக்கும் ஆள் செத்த காலத்தில், அவளுக்கு ஒரு அண்ணன் இருந்து போயிருந்தான். இரண்டரை வயது. படம் கிடையாது. பெயர் மட்டும் தெரியும். சின்னராசா. அம்மா அதைச் சொன்னதே இரண்டோ மூன்றோ தடவைதான். அந்தக் குரலும் அம்மாவுடையதுதான். வயது குறைந்த குரல், ஆனால் ‘வரையில’ என்று இழுக்கும்போது தொண்டையில் ஒரு சின்ன முடிச்சு விழுகிறதே, அது அப்படியே இருந்தது.

அதோடு இன்னொன்றும் நடந்தது. அவள் மூளையின் ஒரு மூலை, ‘ஜப்பான் கைதான் சரி, ஊசி கோணவே இல்லை’ என்று தன் பாட்டுக்குக் கணித்துக்கொண்டிருந்தது.

ரொஷான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போதுதான் வித்தியாசம் பிடிபட்டது என்றார். முக்கியமாக அந்தக் கடைசிச் சொல். அதன் முதல் எழுத்து ‘ச’ தானே? முதல் கையில் அது சீறுகிறது, இரண்டாவதில் பட்டுப் போல இருக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

அவள் போட்டாள். ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கை பழகிப்போன வேலையைச் செய்தது.

மாற்றிப் போடச் சொன்னார். மாற்றினாள். மறுபடி. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஊசியைத் தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி, ஆறு தடவை. ‘சின்னராசா’ என்று அம்மா ஆறு தடவை கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் ரொஷான் விரலை உயர்த்தி, “ஆ, இது. ஆ, இது இல்லை” என்றார். சிவநேசன் கண்ணை மூடித் தலையாட்டினார்.

ஏழாவது தடவை ரொஷான் விரலை உயர்த்தியபோது கலாராணி பிளேயரின் கையைத் தாங்கியில் வைத்துப் பூட்டினாள்.

“இனிப் போட மாட்டேங்கய்யா.”

“ஏன், ஊசியில ஏதும் பிழையோ?” என்றார் சிவநேசன்.

“ஊசி நல்லாத்தான் இருக்கு. நீங்க என்ன கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?”

“இதென்ன கேள்வி. ஒப்பாரிதானே. ஆறு வருசமா வச்சிருக்கிறன்.”

“யாருக்குப் பாடுற ஒப்பாரி?”

சிவநேசன் யோசித்தார். “உண்மையைச் சொன்னால் தங்கச்சி, நான் சொல்லுகளைக் கவனிக்கிறதில்லை. குரலின்ர தன்மையைத்தான்...”

“நீங்க தமிழ்தானேங்கய்யா? அந்தா அவரு சிங்களவரு, அவருக்கு வெளங்காது, சரி. உங்களுக்குமா வெளங்கல? ஆறு வருசமா? பாணு வாங்கப் போய் நின்னவ திரும்பி வாறதுக்குள்ள புள்ள செத்துப் போச்சுன்னு பாடுறா. அந்தப் புள்ளையோட பேரத்தான் பட்டு மாதிரி இருக்கா, சீறுதான்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க.”

“சத்தம் போடாதையுங்கோ. விருந்தாளி இருக்கிறார்.”

“அது எங்க அண்ணன் பேரு. பாடுறது எங்க அம்மா. பேரு தெரியாத பொம்பள இல்ல. ரெங்கம்மா. ஹாலிஎலையில உசுரோட இருக்காங்க.”

சிவநேசன் உறையைத் திருப்பிப் பார்த்தார். ரொஷான் என்ன விஷயம் என்று கேட்க, அவர் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். ரொஷான் வாயைத் திறந்தபடி கலாராணியைப் பார்த்தார். பிறகு துள்ளி எழுந்து, படம் பிடிக்கத் தொலைபேசியை எடுத்தார். இது என்ன அதிசயம், இப்படி ஒன்று எங்கே கிடைக்கும், உலகம் முழுக்கப் போகும் என்று படபடத்தார். அம்மாவை நாளைக்கே கூட்டிக்கொண்டு வர முடியுமா, இந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பாட்டைப் போட வேண்டும், கேட்கும்போது அவர் முகத்தை வீடியோ எடுக்க வேண்டும், முன்கூட்டி ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்றார்.

“அம்மா அழுறத எடுக்கணுமாமா?” என்று கலாராணி சிவநேசனிடம் கேட்டாள்.

“அவர் அப்பிடிச் சொல்லேல்லை...”

“அப்ப அழாதன்னு சொன்னானுங்க, மிசினுக்கு வெளங்காதுன்னு. இப்ப மிசினுக்காக அழணுமா?”

அவளுடைய இரண்டு கட்டைவிரல்களுக்கும் ஓர் அங்குலத்தில் இரண்டு ஊசிகளும் இருந்தன. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த தண்டு. லேசாக நகத்தால் தள்ளினால் போதும். இரண்டு ஊசியும் போனால் இந்தப் பரீட்சையே இல்லை. அதற்கு விலை கட்டப்போனால் ஸனூஸ் நானாவின் கடையும் இருக்காது. அவள் கையை எடுத்துப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தத் தட்டைத் தாங்க. அம்மாவுக்குப் போட்டுக் காட்டிட்டுக் கொண்டாந்து தர்றேன்.”

சிவநேசன் தட்டை உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “அது ஏலாது. இது சாதாரண சாமான் இல்லை. உங்களுக்கு விளங்காது.”

“எனக்கா?” என்றாள் கலாராணி. தராசையும் தகட்டையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். சமையலறைக்காரர் பகல் சாப்பாட்டுக்கு மறித்தார். அவள் நிற்கவில்லை. சந்திவரை மலையை நடந்தே இறங்கினாள்.

பதுளை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவளுக்குக் கோபம் ஆறவில்லை. பண்டாரவளை தாண்டியதும் அது அவள் மேலேயே திரும்பியது. கடைசிப் பாட்டைப் போடச் சொன்னது யார்? ஆறு தடவை ஊசியை இறக்கியது யார்? அம்மாவின் குரலைக் கேட்ட அந்த நிமிடத்திலும் கை சரியா, கோணம் சரியா என்று பார்த்ததே அந்தப் புத்தி. அதைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

ஹாலிஎலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில் அம்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கலாராணி பையைக்கூட இறக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ரெங்கம்மா கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எழுபத்திரண்டு வயது. அழுவாள் என்று கலாராணி பயந்தாள்.

“அந்தத் தோட்டத்துக் கணக்கப்புள்ள அழாதன்னு பேசுனதும் இருக்கா?”

“இருக்கும்மா.”

“நாசமாப் போனவன். செத்து இருவது வருசமாச்சு, அவன் கொரல இன்னும் வச்சிருக்கானுங்களா?”

கீரையை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டு அவளே சொன்னாள்.

“மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தேன். கொழுந்து நிறுக்குற மடுவத்துக்கு வரச் சொல்லி ஆளு வந்துச்சு. போனா ஒரு வெள்ளக்காரன் மிசினோட உக்காந்திருக்கான். நான் லயத்துல அழுதத யாரோ சொல்லியிருக்காங்க. அதையே பாடுன்னான் கணக்கப்புள்ள. புள்ளையப் பொதச்சு நாலு நாளு. மாட்டேன்னு சொல்லத் தெரியல எனக்கு.”

“எத்தன தடவைம்மா?”

“மூணு. மொத தடவ அழுதேன், வேணாம்னுட்டான். ரெண்டாந் தடவ பாதியில நின்னுபோச்சு. மூணாந் தடவ நல்லாப் பாடினேன்டி. பாட்டுக்காரி கணக்கா, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாம, நீட்டி நீட்டிப் பாடினேன். வெள்ளக்காரன் கை தட்டினான்.” கீரைத்தண்டை உடைத்துத் தரையில் வீசினாள். “அவன் மேல கோவம் ஒரு பக்கம் கெடக்கட்டும். எப்படிடி பாடினேன் நானு? இன்னைக்கி வரைக்கும் எனக்கு ஆறல.”

கலாராணி அம்மாவின் தோளைத் தொட்டாள். ரெங்கம்மா கையைத் தட்டிவிட்டாள்.

“எனக்கு அத கேக்கணும்” என்றாள். “ஒரு தடவ.”

புதன்கிழமை ஸனூஸ் நானா கடையில் தொலைபேசியை அவள் முன்னால் நீட்டினார். ரொஷானின் கட்டுரை வந்திருந்தது. ஜப்பான் கைக்குத்தான் வெற்றி. ‘தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் பழைய பதிவில் ‘ச’ எழுத்து பட்டுப் போல வழுக்கிச் செல்கிறது’ என்று எழுதியிருந்தார். பாடியவள் பெயர் இல்லை. கடைசிப் பாட்டைப் போடச் சொன்னவள் பெயரும் இல்லை.

“சிவநேசன் சேர் போன் எடுத்தார்” என்றார் ஸனூஸ் நானா. “நீ ஞாயித்துக்கெழம பாதியில எழும்பி வந்துட்டதாச் சொன்னார். டென்மார்க் ஆர்மைக் கழட்டிப் பொதி பண்ணணுமாம். என்ன நடந்த? செல்லு பாப்பம்.”

அவள் சொன்னாள். ஸனூஸ் நானா கடைக்கு வந்த ஒருவரை ‘பொறகு வாங்க’ என்று அனுப்பிவிட்டு முழுதையும் கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, “பெரிய இடம் கலா. மன்னிப்புக் கேட்டுட்டா வேலையும் முடிஞ்சிரும்...” என்றார்.

“யாரு, நான் கேக்கணுமா?”

“நான் ஒண்ணுஞ் செல்லல்ல” என்று இரண்டு கையையும் தூக்கினார். “என்ன செய்யணும்னு நீயே செல்லு.”

“கழட்டித் தர்றேன்னு சொல்லுங்க. ஆனா அம்மாவோடதான் வருவேன். அம்மா பாட்டக் கேக்கணும். படம் எடுக்கிறவன் எவனும் அங்க இருக்கக்கூடாது.”

ஸனூஸ் நானா அங்கேயே நின்று தொலைபேசி எடுத்தார். சிவநேசன் ஏதோ நீளமாகப் பேசினார் போலிருக்கிறது. ஸனூஸ் நானா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “சேர், விருப்பம்னா இது. இல்லாட்டி கொழும்புலேர்ந்து ஆளக் கொண்டாங்க” என்று சொல்லிவிட்டு வைத்தார். பத்து நிமிடத்தில் திரும்ப அழைப்பு வந்தது.

அடுத்த ஞாயிறு ரெங்கம்மா புதுச்சேலை கட்டவில்லை. வீட்டில் கட்டுகிற நூல்சேலையோடு வந்தாள். சிவநேசன் வாசலுக்கே வந்து, “வாங்கோ அம்மா” என்று கூட்டிப்போய், தானே தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. ரொஷான் உட்கார்ந்த அதே நாற்காலியில் விளிம்பில் உட்கார்ந்தாள். கலாராணி ஜப்பான் கையை இறக்கினாள்.

கணக்கப்பிள்ளையின் குரல் வந்ததும் ரெங்கம்மா உதட்டைச் சுழித்தாள். பாட்டு ஓடியது. அவள் அசையவில்லை, அழவும் இல்லை. முடிந்து ஊசி உள்வட்டத்தில் சுற்றத் தொடங்கியதும் சிவநேசனைப் பார்த்தாள்.

“இது மூணாவது பாடினது. மொத பாடினது எங்க?”

“அம்மா, தட்டில இது மட்டும்தான் இருக்கு.”

“அழுது பாடினேனே, அது?”

“அது... அவையள் அழிச்சிருப்பினம்.”

“அப்ப அவனுங்களுக்கு வேணும்கிறத மட்டும் வச்சிக்கிட்டானுங்க.” ரெங்கம்மா எழுந்தாள். குரல் உயரவில்லை. “என் புள்ளைக்கு நான் அழுதது அதுதான். இது அந்த மிசினுக்குப் பாடினது. இத நீங்களே வச்சுக்குங்க. நல்லா இருக்குன்னு இன்னும் அம்பது பேருக்குப் போட்டுக் காட்டுங்க. ஆனா பேரு தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க.”

கலாராணி உறையை எடுத்தாள். பையிலிருந்து, பெட்டிகளில் பெயர் எழுதும் தடித்த கறுப்புப் பேனையையும் எடுத்தாள்.

“தங்கச்சி, வேண்டாம்!” என்று சிவநேசன் பதறினார். “உறையில எழுதக்கூடாது, அதின்ர பெறுமதியே... நான் ஒரு தாளில அடிச்சு உள்ளுக்கு வைக்கிறன். சத்தியமா வைக்கிறன்.”

“தாளு விழுந்துரும்ங்கய்யா” என்றாள் அவள். ‘பெயர் தெரியாத’ என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, ‘ரெங்கம்மா. மகன் சின்னராசாவுக்காக. அழக்கூடாது என்று சொல்லி மூன்று முறை பாட வைத்தார்கள்’ என்று எழுதினாள். சிவநேசன் கையை நீட்டியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். எழுதியதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ‘நான் கேட்டிருக்க வேணும்’ என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

கலாராணி டென்மார்க் கையைக் கழற்றி, பஞ்சு வைத்து, பெட்டியில் போட்டு ஒட்டினாள். அது கடை வேலை. செய்து முடித்தாள். இனி இந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்றும், ஊசி தேய்ந்தால் கொழும்பிலிருந்து ஆள் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அப்புத்தளையில் பஸ் நிரம்பி வழிந்தது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொண்டக்டர் பையன் டிக்கட் போட்டுக்கொண்டே வந்து, “ஆச்சி, பின்னுக்குப் போங்க, பின்னுக்கு” என்று அவள் தோளைத் தள்ளினான்.

“யாரடா தள்ளுற?” என்று ரெங்கம்மா கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. “கையை எடுடா! வாயால சொல்லத் தெரியாதா உனக்கு?”

வேறு நாளாக இருந்தால் கலாராணி, ‘விடும்மா, எல்லாரும் பாக்குறாங்க’ என்று அடக்கியிருப்பாள். இன்றைக்கு அவள் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, “எங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு” என்றாள். பையன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சண்டை பண்டாரவளை வரைக்கும் போனது.